தங்கையின் நோயும் தமக்கையின் நோன்பும்

சிலப்பதிகாரத்தை வகுப்பிலே படிப்பிக்கும்போது, வஞ்சின மாலைக்கு வந்தவுடன் மாணவிகள் தலை குனிந்துகொள்வதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்தாள் என்னும் செய்தியைச் சொல்லாது அக்காதையைச் சொல்லுதல் இயலாது. புறநானூற்றிலே, மகன் புறமுதுகிட்டது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று சூளுரைத்த முதியாள் ஒருத்தி வருகின்றாள். சீகாழிக் குளக்கரையில் உமையம்மையின் திருமுலைப்பாலை உண்ட பிள்ளையே நம்முடைய திருக்கோணமலைக்கும் பதிகம் பாடியருளினார். புலவர்கள் கூசாது பாடினர். அடியார்கள் கூசாது போற்றினர். ஆனால் அதே உறுப்பிலே ஒரு கட்டி தோன்றிற்று என்று தன் தாய்க்கோ கணவனுக்கோ வைத்தியருக்கோ சொல்வதற்கு நம் வீட்டுப் பெண்ணுக்கு நா எழுவதில்லை. இந்த முரண்பாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர், பெண்கள் நோயைப்பற்றிப் பேசுதற்கு ஓர் இடத்தையே கட்டியெழுப்பிய வைத்திய கலாநிதி முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையாரைத் தேவதாசி முறையை ஒழித்தவர் என்றும், சட்டசபையில் அமர்ந்த முதற் பெண்மணி என்றும் நம் மாணவர் அறிவர். பரீட்சைக்கு அவ்வளவு போதும். அவருடைய வாழ்வின் கடைசி ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு நினைவைப்பற்றி அவர்கள் அறிந்திருப்பது அரிது. இக்கட்டுரை அதனையே பெரிதும் பேசும்.

1886ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசுவாமி ஐயர் கல்விமான். தாயார் சந்திரம்மாள் இசை வளர்த்த தேவதாசி மரபிலே வந்தவர். இத்திருமணத்தைத் தந்தையாரின் சுற்றத்தார் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே இரு மரபுகளுக்கு நடுவே, எதனிலும் முழுமையாகச் சேராத ஒரு வீட்டிலே பிள்ளைகள் வளர்ந்தனர். நால்வருள் மூத்தவர் முத்துலட்சுமி. தங்கையருள் ஒருத்தி சுந்தராம்பாள். இப்பெயரை வாசகர்கள் மனத்திருத்திக்கொள்ள வேண்டுகின்றேன்.

பருவமெய்திய பெண் பள்ளி வாசலைத் தாண்டலாகாது என்பது அக்காலத்து வழக்கு. தந்தையார் வீட்டிலேயே ஆசிரியர்களை அமர்த்திப் படிப்பித்தார். பெண் மெட்ரிக்குலேசன் பரீட்சையில் தேறிவிட்டாள். மேலே படிப்பதற்கு ஊரிலிருந்த இடமோ ஆடவர் மாத்திரம் பயின்ற மகாராஜா கல்லூரி ஒன்றே. விண்ணப்பம் போனதும் எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி வந்தால் எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்று பெற்றார் சிலர் அச்சுறுத்தினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார். 1904இல் அக்கல்லூரியின் முதல் மாணவியாக முத்துலட்சுமி சேர்ந்தார். மூடு வண்டியிலே வந்து, திரைக்கு அப்பால் அமர்ந்து பாடங் கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து கற்றவர் பிற்காலத்திலே எத்தனையோ திரைகளை விலக்கினார் என்று எழுதினால் அலங்காரமாய் இருக்கும். உண்மையில் அந்தத் திரை அவருக்கு எரிச்சலை ஊட்டியிருக்கும் என்றே நான் நினைக்கின்றேன்.

1907இல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். உடல் வலிவில்லாத பெண். எனினும் படிப்பிலே முதல்வர். இரண வைத்தியப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் ஒருவர் பெண்களைத் தம் வகுப்பில் அமர விடுவதில்லை என்ற கொள்கையுடையவராய் இருந்தார். முத்துலட்சுமி அப்பாடத்தில் பெற்ற தேர்ச்சியைக் கண்டபின் அக்கொள்கையைக் கைவிட்டார் என்பர். 1912இல் பதக்கங்களோடு பட்டம் பெற்று, அக்கல்லூரியிற் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரானார். சென்னை அரசாங்க மகப்பேற்று வைத்தியசாலையிலே பயிற்சி வைத்தியராக அமர்ந்த முதற் பெண்ணும் ஆனார். 1914இல் வைத்தியர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்ற நிபந்தனைகளை விதித்தே அம்மையார் உடன்பட்டார். ரெட்டியாரும் அவற்றைச் சாகும்வரை காத்தார். இராமமோகன், கிருஷ்ணமூர்த்தி என ஆண்மக்கள் இருவர். இளையவர் இக்கதையில் மீண்டும் வருவார்.

இனி, சுந்தராம்பாளிடம் வருவோம்.

1923ஆம் ஆண்டளவில் அவர் நோயுற்றார். சீதபேதி என்றே அந்நோய் முதலில் கருதப்பட்டது. அதற்குரிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. நோய் குறையவில்லை. மலக்குடலில் உண்டான புற்று அது என்று தெளிந்தபோது கத்திக்கும் மருந்துக்கும் எட்டாத தூரத்துக்கு அது போய்விட்டது. வைத்தியப் பட்டத்தில் முதன்மை பெற்ற தமக்கை, இரண வைத்தியத்தில் வல்லவரான மைத்துனர், இருவரும் அருகிருந்தும் ஒன்றுஞ் செய்தற்கில்லை. தங்கை தமக்கையின் கண் முன்னே துன்புற்று இறந்தார்.

நோயினால் இறந்தாள் என்று சொல்லி ஆறியிருக்கலாம். பலரும் அவ்வாறே ஆறுகின்றனர். அம்மையாரால் இயலவில்லை. அவரை வாட்டியது சாவு மட்டுமன்று. வேறொரு நோயென்று எண்ணிக் கழிந்துபோன நாட்கள். அந்த நாட்களிலே நோய் சிறிதாய் இருந்தது. அந்த நாட்களிலே ஏதேனும் செய்திருக்கலாம். புற்றுநோயைப்பற்றி இன்று உலகம் அறிந்த யாவற்றையும் பிழிந்தெடுத்தால் எஞ்சுவது ஏறக்குறைய இதுவே. ஒரு வைத்தியர் அதனைத் தம் வீட்டிலே, தம் தங்கையின் உடலிலே கற்றார்.

புற்று என்னும் சொல்லைப்பற்றித் தமிழாசிரியன் ஒருவன் இங்கே இரண்டு வரி எழுதுவதைப் பொறுத்தருள்க. பழைய கிரேக்க வைத்தியர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். நரம்புகள் கால்போலப் பரவியிருப்பதைக் கண்டு இட்ட பெயர் அது. அதன் இலத்தீன் வடிவத்தையே இன்று உலகம் வழங்குகின்றது. நாமோ கறையான் புற்றைக் கண்டோம். மேலே தெரியும் மண் சிறிது. கீழே ஓடும் வளைகள் பல. வெளியே தோன்றும்போது உள்ளே வேலை நெடுநாள் நடந்திருக்கும். எந்த முன்னோர் இச்சொல்லை இந்நோய்க்கு ஆண்டனரோ, அவர் கண்ணாற் கண்டு ஆண்டனர் என்பதில் ஐயமில்லை.

1925இல் அம்மையார் கணவரோடும் மக்களோடும் இலண்டனுக்குச் சென்றார். பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நோய்களைப்பற்றி மேலும் பயில்வதற்காக அரசாங்கம் உதவியளித்து அனுப்பியது. செல்சியிலுள்ள பெண்கள் வைத்தியசாலையிலே பயின்றார். அவ்வளவோடு அமையாது அந்நகரத்துப் புற்றுநோய் வைத்தியசாலைக்கும் சென்று அங்கு நடைபெறுவனவற்றைக் கண்டு வந்தார். அனுப்பியவர்கள் கேட்டது ஒன்று. அவர் தேடியது அதனினும் சற்று அதிகம்.

திரும்பியதும் பொதுவாழ்வு அவரைப் பற்றிக்கொண்டது. 1926 முடிவிலே சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927இல் அச்சபையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்து அவர் கொணர்ந்த தீர்மானமும் மசோதாவும், அவை பெற்ற வசைகளும், 1947இல் அது சட்டமானதும் தனிக் கட்டுரைக்கு உரியன. காந்தியடிகள் 1930இல் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை ஆரம்பித்தார். இத்தனைக்கும் நடுவே வைத்தியத் தொழிலையும் விட்டாரில்லை.

1935இல் சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. பழைய மாணவி என்ற முறையிலே பேச எழுந்த அம்மையார், புற்றுநோயாளருக்கெனத் தனியே ஒரு வைத்தியசாலை சென்னையில் அமைக்கப்படல் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சுந்தராம்பாள் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள். வைத்தியசாலை திறக்கப்பட்டதோ அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளின் பின்பு. நாற்பதை அணுகிய வயதிலே தோன்றிய எண்ணம் அறுபத்தெட்டாவது வயதிலேதான் நிறைவேறிற்று. இடையிலே போர் வந்தது, பஞ்சம் வந்தது, சுதந்திரம் வந்தது. 1941இல் பம்பாயிலே டாட்டா நினைவு வைத்தியசாலை திறக்கப்பட்டது. தென்னாட்டுப் புற்றுநோயாளருக்கெனத் தனி இடம் இன்னும் தோன்றவில்லை.

அவர் தட்டிய கதவுகளிலே கிடைத்த விடைகளை அக்காலத்தைப்பற்றி எழுதினோர் பதிந்து வைத்துள்ளனர். புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகின்றார், அவர்களுக்கு எதற்கு ஒரு வைத்தியசாலை என்று அதிகாரத்தில் இருந்த ஒருவரே கேட்டாராம். அக்கேள்வியைக் கேட்டவரைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்டவர் யாவரும் இறந்தவரே. ஏனெனில் அவர்கள் யாவரும் காலங் கடந்து வந்தவர்கள். வைத்தியசாலை இல்லை என்பதனால் காலங் கடந்து வந்தனர். காலங் கடந்து வந்து இறந்தனர் என்பதனால் வைத்தியசாலை வேண்டாம் என்றனர். இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

அம்மையார் இரண்டு இடங்களில் அறுத்தார். ஒன்று, தம் இளைய மகனை இத்துறைக்கு ஆக்கியது. கிருஷ்ணமூர்த்தி வைத்தியப் பட்டம் பெற்றபின் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புற்றுநோய்ச் சிகிச்சையைப் பயின்று வந்தார். மற்றொன்று, அரசாங்கத்தை எதிர்பாராது மக்களிடம் கையேந்தியது. இந்திய மாதர் சங்கத்தின் சார்பிலே 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி ஆரம்பிக்கப்பட்டது. அறுபது கடந்த அம்மையார் வீடு வீடாகச் சென்று பணம் சேர்த்தார். கௌரவப் பதவிகளில் இருந்தவர், பெரிய மனிதர் வீட்டு விறாந்தைகளிலே காத்திருந்தார். 1952 ஒக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடையாற்றிலே அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18இல் அடையாறு புற்றுநோய் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. பன்னிரண்டு படுக்கைகள், ஓலைக் குடிசைகளோடு கூடிய சிறு கட்டடம். கிருஷ்ணமூர்த்தி ஊதியம் இன்றிப் பணி செய்தார். அடுத்த ஆண்டு, அரசாங்க வைத்தியசாலையிலே கிடைத்த நல்ல பதவியை விடுத்து, இளம் வைத்தியர் சாந்தா அவர்கள் வந்து சேர்ந்தார். 2021இல் தம் தொண்ணூற்று மூன்றாவது வயதில் மறையும்வரை அவர் அந்நிலையத்தை விட்டு நீங்கவில்லை.

அந்தக் குடிசைகளுக்கு வந்த பெண்களுள் கருப்பை வாயிலும் மார்பிலும் நோய் கொண்டவர் மிகப் பலர். மார்பிலே நோய் கொண்டவர் பெரும்பாலும் கட்டி முற்றித் தோலைப் பிளந்து புண்ணான பின்னரே வந்தனர். துணியால் இறுக்கிக் கட்டி, மணம் வீசாதிருக்க மஞ்சளும் சந்தனமும் பூசி மறைத்து வைத்திருந்து, மறைக்க இயலாத நாளிலே வந்தவர்கள். நாணம் ஒரு காரணம். வைத்தியம் பற்றிய அச்சம் மற்றொன்று. அவ்வச்சத்தை வீண் என்று தள்ளிவிடுதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நெடுங்காலம் வழங்கிய சத்திரசிகிச்சை மார்பை மட்டுமன்றி, அதன் கீழுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றுவது. கை வீங்கும், தோள் மடங்காது. அதற்கு அஞ்சி ஒளித்தவரை யார் பழிக்க வல்லார்? 1970களில் தொடங்கிய ஆராய்ச்சிகள், சிறிய கட்டியாயின் அதனை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று காட்டின. ஆனால் இங்கும் அதே நிபந்தனை: கட்டி சிறியதாய் இருக்கும்போதே வருதல் வேண்டும். முன்னே வருபவளுக்கே உறுப்பும் உயிரும் ஒருங்கே எஞ்சுகின்றன.

1950களின் பிற்பகுதியிலே கனடா நாட்டார் கொடையாக அளித்த கோபாற்றுக் கதிர்க்கருவி அடையாற்றுக்கு வந்தது. ஆசியாவிலேயே அத்தகைய கருவிகளுள் முதலாவது அது என்பர். முற்றிய கட்டிகளைக் கதிராலும் மருந்தாலும் முதலிற் சுருக்கிப் பின்னர்ச் சத்திரசிகிச்சை செய்யும் கூட்டு முறையை அந்நிலையத்தார் வளர்த்தனர். காலங் கடந்து வந்தவரையும் கைவிடலாகாது என்ற பிடிவாதமே அம்முறைக்குத் தாய். பணமில்லை என்று ஒருவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பதும் அம்மையார் வகுத்த விதி. செலுத்தக்கூடியவர் செலுத்தினர், இயலாதவர்க்கு இலவசம்.

இதுவரை பிறர் வீட்டுக் கதையை எழுதினேன். என் வீட்டுக் கதை ஒன்றை எழுதாது மேலே செல்ல மனம் ஒப்பவில்லை. என் மூத்த தமக்கையார் 1997ஆம் ஆண்டிலே தம் இடப்பக்கத்தில் ஒரு கட்டியைக் கண்டார். கடலையளவு இருந்ததாம்; வலியில்லை. மார்பிலே தோன்றும் இக்கட்டி தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதும், வலியின்மையே அதன் வஞ்சகம் என்பதும் எங்களுள் ஒருவர்க்கும் தெரியாது. அக்காலம் அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். நோயுள்ள குடும்பம் என்று பெயர் வந்தால் சம்பந்தம் குலைந்துவிடும் என்று அஞ்சி ஒருவர்க்கும் சொல்லாதிருந்தார். கையை உடலோடு அணைத்தபடி அவர் நடப்பதைச் சில மாதங்களாக நான் கண்டேன். தமக்கையிடம் தம்பி கேட்கக்கூடிய கேள்வி அன்று அது என்று கேளாது விட்டேன். கலியாணத்துக்கு நாள் வைத்தவன் நானே. ஆடியில் ஆகாது என்று ஆவணிக்குத் தள்ளியவனும் நானே. கலியாணம் நன்றாக நடந்தது. அதன் பின்னரே சொன்னார். அப்போது தோல் உடைந்திருந்தது.

போர் நடந்த காலம் அது. திருகோணமலையிலிருந்து மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வழியெங்கும் சோதனைச் சாவடிகள். கதிர்ச்சிகிச்சை வாரக்கணக்கில் நாள்தோறும் பெறவேண்டியது. ஊருக்கும் மகரகமவுக்கும் போய்வந்து பெறக்கூடியதன்று. கொழும்பிலே தங்குவதற்கு இடமும் துணையும் மொழியும் வேண்டும். எங்களுக்கேனும் பேருந்து நகரத்திலே இருந்தது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பெண்கள் நகரத்து வைத்தியசாலைக்கு வருவதற்கே தோணித்துறையிற் காத்திருந்து கடலைக் கடக்க வேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இலே. தமக்கையார் சிகிச்சையைப் பாதியிலே நிறுத்தி, வீட்டிலே இருக்க விரும்புவதாகச் சொல்லித் திரும்பிவிட்டார். இரண்டாம் ஆண்டு முடியுமுன் இறந்தார். இலவச வைத்தியம் உள்ள நாட்டிலே, ஒரு சதமும் கட்டணம் கேளாத வைத்தியசாலையிலே, வழிச்செலவும் தங்குமிடமும் இன்மையால் சிகிச்சை நிற்கின்றது என்பதை அன்று அறிந்தேன்.

சுந்தராம்பாள் காலத்தை இழந்தது வைத்தியர் நோயை மாறாகக் கொண்டமையால். என் தமக்கையார் இழந்தது நாணத்தாலும் நான் கேளாமையாலும் தூரத்தாலும். உலக சுகாதார தாபனம் 2021இல் மார்பகப் புற்றுநோய்க்கென வகுத்த திட்டம் இக்காலக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. நோயுற்றோரில் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் முதலிரு நிலைகளிலேயே கண்டறியப்படல் வேண்டும். வைத்தியரிடம் முதலில் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இன்ன நோயென்று முடிவாதல் வேண்டும். நூற்றுக்கு எண்பதின்மரேனும் சிகிச்சையை நிறைவுசெய்தல் வேண்டும் என்பன அதன் இலக்குகள். 2022ஆம் ஆண்டிலே உலகில் 23 இலட்சம் பெண்கள் இந்நோய் கண்டனர். 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர். செல்வ நாடுகளிலே நோய் கண்டு ஐந்தாண்டு வாழ்பவர் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேல். இந்தியாவிலே அறுபத்தாறு என அத்தாபனம் கணக்கிட்டுள்ளது. நோய் ஒன்றே, பெண்ணுடலும் ஒன்றே. இடையிலுள்ள வேறுபாடு, எப்போது வந்தாள், என்ன கிடைத்தது என்பதிலே அடங்கும். இலங்கையிலும் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் இதற்கே.

நம் நாட்டிலே 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் என்னும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் அது நடைபெறுகின்றது. முப்பத்தைந்து வயதுப் பெண்களையும் நாற்பத்தைந்து வயதுப் பெண்களையும் சிறப்பாக அழைக்கின்றனர். மார்பைச் சோதிப்பர், கருப்பை வாயைச் சோதிப்பர், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பர். கட்டணம் இல்லை. நோயில்லாதவரே போகவேண்டிய இடம் அது என்பதை நம்மவர் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. எனக்கு என்ன வருத்தம், நான் ஏன் போகவேண்டும் என்று கேட்டுக் குடும்ப நல உத்தியோகத்தரைத் திருப்பி அனுப்பிய ஆசிரியைகளையும் அறிவேன். படித்தவர்கள் என்பதனால் இதனை எழுதுகின்றேன். சோதனைக்கு இடையேயும் பெண் தன் உடலைத் தானே அறிந்திருத்தல் நன்று. மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றிய கட்டி, குழிவிழுந்த அல்லது தோடம்பழத் தோல் போலத் தடித்த தோல், உள்ளிழுத்த முலைக்காம்பு, அதிலிருந்து கசியும் இரத்தம், ஒரு பக்கம் மட்டும் மாறிய வடிவு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் மாதக்கணக்கில் பார்த்திருத்தல் தகாது. கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றல்ல. ஆனால் அதனைச் சொல்ல வேண்டியவர் வைத்தியரேயன்றி அயல்வீட்டு மாமியார் அல்லர்.

நோயை முற்றாகத் தடுத்தல் இயலாது. பாலூட்டுதல் ஓரளவு காக்கும். உடலுழைப்பும், எடை மிகாதிருத்தலும், மது அருந்தாமையும் உதவும். ஆயினும் யாவும் செய்தவளுக்கும் வரும். பெண்ணாய் இருத்தலும் வயது ஏறுதலுமே முதற் காரணங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தவள் முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். இந்நோய் பெண்ணின் குற்றத்தால் வந்தது என்று ஊர் பேசும் பேச்சிலே எள்ளளவும் உண்மையில்லை. அருகிருப்போர்க்குத் தொற்றுவதுமில்லை. தமக்கையாரின் தட்டையும் குவளையையும் தனியே எடுத்து வைத்த உறவினரை நான் கண்டிருக்கின்றேன். அவர் அதனைக் கண்டும் காணாதவர்போல் இருந்ததையும் கண்டேன்.

தூரத்துக்கும் ஓரளவு பரிகாரம் தோன்றியுள்ளது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து மக்களிடம் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிலே ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்குச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் காசு போட்டுக் கட்டிய கட்டடம். அடையாற்றுக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய அம்மையார் கண்டிருந்தால் இவ்வழியை நன்கு அறிந்திருப்பார்.

அம்மையார் 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். தம் கடைசி ஆண்டுகளை அடையாற்று நிலையத்துக்கும் ஔவை இல்லத்துக்கும் இடையே கழித்தார். 1968 யூலை 22இல், எண்பத்திரண்டு வயது நிறைவதற்கு எட்டு நாட்கள் இருக்கையிலே மறைந்தார். பன்னிரண்டு படுக்கைகள் அதற்குள் பன்மடங்காகியிருந்தன. இன்றும் அங்கே ஈழத்திலிருந்து சென்று சிகிச்சை பெறுவோர் உளர். சுந்தராம்பாளின் படம் எங்கேனும் உண்டோ என்று தேடிப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

என் தமக்கையாரின் மகள் இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். தாய்க்கு இருந்தது என்று அவளே வைத்தியரிடம் சொல்லி, அழைப்புக்குக் காத்திராது ஆண்டுதோறும் சோதனைக்குச் சென்று வருகின்றாள். சென்ற முறை அவளுடைய கணவர் ஊரில் இல்லை. மாமா, வருகின்றீர்களா என்று கேட்டாள். எதற்கென்று சொல்லியே கேட்டாள். மோட்டார் சைக்கிளில் அழைத்துச் சென்றேன். வெளியே வேம்பின் கீழ் வாங்கிலே இருந்தேன். அரை மணி நேரத்தில் அட்டையைக் கையிற் பிடித்தபடி வந்து, அடுத்த ஆண்டு வரச்சொன்னார்கள் என்றாள். வரும் வழியிலே கடைத்தெருவில் நிறுத்தி மீன் வாங்கினோம்.